வெயிலில் டயர் ஏன் வெடிக்கிறது?
காற்றழுத்தத்தின் கதை

அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் பெட்ரோல் பங்க்குகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். காற்றடிக்க வந்தவர், "வெயில் காலம். ரெண்டு பாயிண்ட் குறைச்சே வையுங்க" என்பார். காற்றடிப்பவரும் மறுப்பதில்லை. வெயிலில் டயருக்குள் இருக்கும் காற்று விரிவடையும், அதனால் டயர் வெடிக்கும், ஆகவே முன்கூட்டியே காற்றைக் குறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு என்பது அவர்களுடைய எண்ணம்.

இந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் கூடும். இதைப் பிரெஞ்சு அறிவியலார் அமோன்டன்ஸ் 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே சோதித்துக் காட்டினார். பள்ளிப் பாடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. வெறும் தவறு மட்டுமன்று, உயிருக்கு ஆபத்தான தவறு. எப்படி என்பதை அறிய, காற்றைச் சக்கரத்தில் அடைத்த கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது. அந்தக் கதை ஏறத்தாழ 180 ஆண்டுப் பழமை உடையது.

காலத்தை முந்திய கண்டுபிடிப்பு

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் டன்லப் என்பார்கள். அவருக்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 23. ரப்பர் கரைசலில் தோய்த்த துணியால் குழாய் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்திச் சக்கரத்தில் பூட்டினார். 'காற்றுச் சக்கரங்கள்' என்று அதற்குப் பெயரிட்டார்.

1847இல் லண்டன் நகரத்து ரீஜென்ட்ஸ் பூங்காவில் இந்தச் சக்கரங்கள் பூட்டிய குதிரை வண்டிகள் ஓடிக் காட்டின. ஓசை இல்லை, குலுங்கல் இல்லை. குதிரை இழுக்க வேண்டிய விசையையும் அளந்து பார்த்தார்கள். நல்ல சாலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், உடைகல் பரப்பிய சாலையில் பாதிக்கு மேலும் அந்த விசை குறைந்திருந்தது.

இவ்வளவு நன்மை இருந்தும் அது பரவவில்லை. காரணம் எளிது. அன்று மோட்டார் வண்டி இல்லை. மிதிவண்டியும் இன்றைய வடிவில் இல்லை. நல்ல மெல்லிய ரப்பரின் விலையோ மிக அதிகம். தேவை பிறக்கும் முன்பே கண்டுபிடிப்பு பிறந்துவிட்டது. உலகம் தாம்சனை மறந்தது.

முற்றத்தில் ஒரு சோதனை

1887ஆம் ஆண்டின் இறுதி. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தார் ஜான் பாய்டு டன்லப். அவருடைய சிறு மகனிடம் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று இருந்தது. கெட்டி ரப்பர் வளையம் பூட்டிய சக்கரங்கள் கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கின. தந்தை ஒரு வழி தேடினார். மரத்தாலான வட்டு ஒன்றின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாயை வைத்தார். அதன் மேல் துணியைச் சுற்றி ஆணியடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றேற்றினார்.

பிறகு அவர் செய்ததுதான் இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டியது. கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். முதலாவது பாதி வழியில் தளர்ந்து சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் கோடிவரை ஓடிக் கதவில் மோதித் திரும்பியது. இருக்கைக்கு மென்மை தேடப்போனவருக்கு ஓட்டத்துக்கு எளிமையும் சேர்ந்து கிடைத்தது.

இது எப்படி? கெட்டி ரப்பர் சிறு கல்லின் மேல் ஏறும்போது சக்கரம் முழுவதும் மேலே தூக்கப்படுகிறது. அப்படித் தூக்கிய ஆற்றலில் பெரும்பகுதி அதிர்வாக வீணாகிறது. காற்றடைத்த டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. காற்று அமுங்குகிறது, மறுகணம் விரிந்து, வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தருகிறது. காற்றைவிட நல்ல வில் வேறு இல்லை.

டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். தாம்சனின் பழைய காப்புரிமை வெளிச்சத்துக்கு வந்தபோது அது செல்லாது என்றாயிற்று. ஆனால் 1889இல் பெல்ஃபாஸ்ட் நகரப் பந்தயங்களில் காற்று டயர் பூட்டிய மிதிவண்டிகள் வென்றதைக் கண்ட உலகம் இம்முறை மறக்கவில்லை.

காற்றுதான் சுமக்கிறது

இங்கே சற்று நின்று, டயருக்குள் காற்று என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். காரைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பரும் அதனுள் இருக்கும் நூல் அடுக்கும் வெறும் பை. பக்கச் சுவரின் விறைப்பால் ஒரு சிறு பங்கு தாங்கப்படுகிறது என்றாலும், பெரும் சுமையைத் தாங்குவது காற்றின் அழுத்தமே.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு குடும்பக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருக்கிறது. பங்க்கில் '30 பாயிண்ட்' என்பது இதைத்தான். (இனி இதைச் சுருக்கமாக 30 பவுண்டு என்போம்.) இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 300ஐ 2.1ஆல் வகுத்தால் சுமார் 143 சதுர சென்டிமீட்டர் வரும். டயர் தரையைத் தொடும் பரப்பு இவ்வளவுதான். ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது! நான்கு அஞ்சலட்டை அளவு இடத்தை நம்பித்தான் நெடுஞ்சாலையில் ஒரு குடும்பம் விரைகிறது.

இப்போது காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் என்ன ஆகும்? சுமை குறையவில்லை. ஆகவே பரப்பு கூட வேண்டும். 143 என்பது 214 ஆகும். டயர் நசுங்கிப் படிந்தால்தான் இது முடியும். அதாவது பக்கச் சுவர் முன்னைவிட அதிகமாக வளைய வேண்டும். இந்த வளைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பின் விதை இங்கேதான் இருக்கிறது.

மிஷ்லின் சகோதரர்களின் துணிச்சல்

மிதிவண்டிக்குச் சரி, கனத்த மோட்டார் வண்டியைக் காற்று தாங்குமா? பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் நகரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திய ஆந்த்ரே, எதுவார் மிஷ்லின் சகோதரர்கள் தாங்கும் என்றார்கள். 1895 ஜூனில் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தொலைவு. காற்று டயர் பூட்டிய தங்கள் 'எக்லேர்' வண்டியைத் தாங்களே ஓட்டிச் சென்றார்கள். வழியெங்கும் பஞ்சர். இருபதுக்கும் மேற்பட்ட டியூப்கள் தீர்ந்தன. காலக்கெடு கடந்த பிறகே பாரிஸ் திரும்பினார்கள். பந்தயத்தில் தோற்றாலும் கருத்தில் வென்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மோட்டார் வண்டிகள் கெட்டி ரப்பரைக் கைவிட்டுக் காற்றுக்கு மாறின.

அன்றைய டயர்கள் ஒல்லியானவை. அவற்றுள் காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே அழுத்தத்தைக் கூட்டித்தான் சுமையைத் தாங்க முடிந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி வண்டியின் டயர்களுக்கு ஏறத்தாழ 60 பவுண்டு காற்று வேண்டியிருந்தது. டயருக்குள் இருந்த கட்டித் துணியில் குறுக்கும் நெடுக்குமான இழைகள் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒன்றையொன்று தேய்த்தன. தேய்ந்ததால் சூடேறின, சூடேறி அறுந்தன. ஒன்றன்மேல் ஒன்று உராயாதபடி இணையாக அடுக்கிய நூல்களைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே டயரின் ஆயுள் நீண்டது. டயரைக் கொல்வது உள்ளே பிறக்கும் வெப்பம்தான் என்பதற்கு இது முதல் பாடம்.

1923ஆம் ஆண்டில் பெரிய திருப்பம் வந்தது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும் பிரான்சில் மிஷ்லினும் பருத்த, மென்மையான 'பலூன்' வகை டயர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. பரப்பு கூடியதால் 30 பவுண்டை ஒட்டிய அழுத்தமே போதுமானதாயிற்று. பயணம் சுகமானது. இன்று நம் கார்களுக்கு வைக்கும் அளவு அந்தத் திருப்பத்தின் வழி வந்ததே.

ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. 60 பவுண்டு வைத்த டயரில் 8 பவுண்டு கசிந்தால் எட்டில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். 30 வைத்த டயரில் அதே 8 கசிந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. அழுத்தம் குறையக் குறைய, தவறுக்கு இடமும் குறைந்தது. சரியான அளவு என்பது அன்றுமுதல்தான் உண்மையிலேயே முக்கியமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் அமுக்கிப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் நெடுநாள் வழக்கம். அளப்பதற்கோ, காற்றை விடாமல் உள்ளே எட்டிப் பார்க்கும் வாயில் வேண்டும். நியூயார்க்கில் ஷ்ரேடர் 1893இல் காப்புரிமை பெற்ற வால்வு அந்த வாயிலைத் தந்தது. நடு ஊசியை அமுக்கினால் திறக்கும், விட்டால் வில்விசையாலும் உள்காற்றின் அழுத்தத்தாலும் மூடிக்கொள்ளும். உங்கள் காரிலும் ஸ்கூட்டரிலும் இன்று இருப்பது அந்த வகைதான்.

அளக்கும் கருவிக்கு அடிப்படையோ அதற்கும் முன்பே ஆயத்தமாக இருந்தது. 1849இல் பிரான்சின் யூஜின் பூர்தோன் நீராவிக் கொதிகலன்களுக்காக ஓர் அழுத்தமானி செய்தார். தட்டையான உலோகக் குழாய் ஒன்றை வில்லாக வளைத்து, உள்ளே அழுத்தத்தைச் செலுத்தினால் அது நிமிர முயலும். அந்த அசைவு ஒரு முள்ளைத் திருப்பும். பஞ்சர் கடையில் வட்ட முகத்துடன் தொங்கும் கேஜின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பூர்தோனின் குழாயே. சட்டைப்பையில் வைக்கும் பென்சில் வடிவக் கேஜில் ஒரு சுருள்வில்லும் கோடிட்ட குச்சியும் இருக்கும். அது ஹூக்கின் விதியை நேரே கண்ணுக்குக் காட்டும் கருவி.

1946இல் மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் விரல் சோதனைக்கும் உதைச் சோதனைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. வைத்திருக்க வேண்டும் என்பதே சரி! ரேடியல் டயரின் பக்கச் சுவர் இளகியது. காற்று சரியாக இருக்கும்போதே அடியில் சற்றுப் புடைத்துத் தெரியும். 30 பவுண்டுக்கும் 22 பவுண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. பழைய டயரில் பழகிய கண், புதிய டயரில் ஏமாறுகிறது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இனி நம் கேள்விக்கு வருவோம். காலையில் 28 டிகிரி வெப்பநிலையில் 32 பவுண்டு வைத்தீர்கள். கேஜ் காட்டுவது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. ஆகவே உண்மையான அழுத்தம் 14.7ஐயும் சேர்த்து 46.7 பவுண்டு. நெடுநேரம் ஓடி, டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி ஆகிவிட்டது என்று கொள்வோம். கெல்வின் அளவில் 301இலிருந்து 333. அழுத்தம் 46.7 × 333 ÷ 301, அதாவது ஏறத்தாழ 51.7. கேஜ் 37 காட்டும்.

ஐந்து பவுண்டுதான் கூடியிருக்கிறது. நல்ல நிலையிலுள்ள டயர் ஒன்று இதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. மேலும், ஓடும்போது அழுத்தம் இப்படிக் கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தயாரிப்பாளர்கள் குளிர்ந்த டயருக்கான அளவைக் குறிப்பிடுகிறார்கள். ஆகவே வெயிலால் விரியும் காற்று நல்ல டயரை வெடிக்கச் செய்வதில்லை.

பிறகு எது வெடிக்கச் செய்கிறது? நாம் நினைவில் வைத்த வளைவுதான். ரப்பரை வளைத்துவிட்டால் அது நிமிரும். ஆனால் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் பட்டையைப் பலமுறை இழுத்துவிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். கார் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் 50,000 முறை! டயரின் ஒவ்வொரு புள்ளியும் அத்தனை முறை தரையில் நசுங்கி நிமிர்கிறது. காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு நசுங்கலும் ஆழமாகிறது. பிறக்கும் வெப்பம் கூடுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. நூலும் ரப்பரும் ஒட்டிய இடம் தளர்கிறது. அடுக்குகள் பிரிகின்றன. அப்புறம் ஒரு நொடி போதும்.

வெயிலின் பங்கு என்ன? சூடான சாலையும் சூடான காற்றும் டயரின் உள் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. ஆகவே குறைந்த காற்று எந்தப் பருவத்திலும் கெடுதல், கோடையில் பெருங்கெடுதல். வெயிலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைப்பவர், எதற்கு அஞ்சினாரோ அதையே வரவழைக்கிறார்.

ஓடிச் சூடான டயரில் 37 காட்டுகிறதே என்று ஐந்து பவுண்டை இறக்கிவிடுவதும் இதே பிழை. மறுநாள் காலை அந்த டயர் குளிர்ந்ததும் 27 அல்லது 28 பவுண்டுதான் இருக்கும். அதைப் போலவே, 'வெயிலுக்கு நைட்ரஜன் நல்லது' என்ற பேச்சையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூடாக்கினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரியும்.

ஒரு கசப்பான பாடம்

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பல லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டியவை அவை. வேகமாக ஓடும்போது டயரின் மேலடுக்கு பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 270க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு அரசு பதிவு செய்தது. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில் விபத்துகள் மிகுதி.

குற்றம் யாருடையது என்று இரு நிறுவனங்களும் கடுமையாக வாதிட்டன. டயரின் அமைப்பில் குறை இருந்தது என்பதே அரசு ஆய்வின் முடிவு. ஆனால் வாதத்தின் நடுவே ஓர் எண் வெளிவந்தது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பவுண்டு, டயர் நிறுவனம் வேண்டும் என்றது 30. தொடக்கமே 26 என்றால், சில மாதக் கசிவுக்குப் பின் கோடை வெயிலில், முழுச் சுமையுடன், அதிவேகத்தில் ஓடும் டயரிடம் மிச்சம் என்ன இருக்கும்? நல்ல டயர் ஒருவேளை பொறுத்துக்கொள்ளும். குறையுள்ள டயர் பொறுக்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பரிலேயே அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றியது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாயிற்று. 1986இல் போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த காரில் மட்டும் இருந்த வசதி, இப்படிப் பொது வழக்குக்கு வந்தது. இதில் இரு வகை உண்டு. ஒன்று, சக்கரத்துக்குள்ளேயே உணர்கருவியை வைத்து வானொலி அலை மூலம் செய்தி அனுப்புவது. மற்றொன்று, சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிடுவது. காற்றிழந்த சக்கரம் சற்றே சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும் அல்லவா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அளவில் கால் பங்கு குறைந்த நிலையில் விளக்கு எரிந்தால் போதும். 32 வைக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமலே இருக்கலாம். அது ஆபத்தை அறிவிக்கும் மணி மட்டுமே. காற்றைச் சரிபார்க்கும் வேலையை அது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

மழையிலும் அதே கணக்கு

கோடை போனாலும் காற்றின் கணக்கு முடிவதில்லை. ஓடுபாதையில் தேங்கிய நீர் விமானச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதை 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் ஆராய்ந்தார்கள். 1963இல் வெளியான முடிவு வியப்பானது. சக்கரம் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரப்படி 30 பவுண்டுக்கு ஏறத்தாழ மணிக்கு 91 கிலோமீட்டர், 20 பவுண்டுக்கு 75 கிலோமீட்டர். கார் டயருக்கு இந்த எண்கள் தோராயமானவையே. போக்கு மட்டும் தெளிவு: காற்று குறைந்தால், குறைந்த வேகத்திலேயே பிடி போய்விடும்.

எரிபொருள் செலவும் உண்டு. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் 0.2 விழுக்காடு அளவுக்கு மைலேஜ் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. சிறு தொகைதான். உயிரோடு ஒப்பிட்டால் பேசவே வேண்டாதது.

அப்படியானால் அதிகம் வைத்துவிடலாமா? கூடாது. காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். அங்கே தேயும். பிடிப்பு குறையும், குழியில் விழும்போது அடியும் பலமாக விழும்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி அளவு இருக்கலாம். முழுச் சுமைக்கு வேறு அளவும் தந்திருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, வைக்க வேண்டிய அளவு அன்று.

அளப்பதைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் செய்யுங்கள். ரப்பரின் வழியே காற்று மெல்ல ஊடுருவி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நெடும்பயணத்துக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டும். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் பங்க்கில் உள்ள கேஜ் சரியா என்ற ஐயமும் தீரும்.

அடுத்த கோடையில், "ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைக்கட்டுமா?" என்று எவராவது கேட்டால், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். நாள்தோறும் பல நூறு வண்டிகளுக்குக் காற்றடிக்கும் அந்த ஒருவர் புரிந்துகொண்டால், பல நூறு குடும்பங்கள் பாதுகாப்பாக ஊர் போய்ச் சேரும்.